கதிரவேலர் நாற்காலியில் நான் உட்கார்ந்த கதை

போன மாதம் அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் எழுத்துக் கோக்கிறவர்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தேடி வந்துவிட்டார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வந்த காரியம் வேறு. புதிதாக வந்திருக்கும் துரை, வரிக்கடைசியில் இங்கிலீஷ் வார்த்தைகளை எங்கே வெட்டலாம் என்று ஒரு பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டாராம். இனிமேல் பட்டியலைப் பார்த்து வெட்டினால் போதும். யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

"இந்தப் பட்டியல் வர்றதுக்கு முந்தி நீங்கள்லாம் எப்படிண்ணே வெட்டுனீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்கலா," என்றான் மூத்தவன், எங்கள் பினாங்குப் பேச்சின் 'லா'வையும் ஒட்டவைத்து.

அதற்கென்ன, எழுதித் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வார்த்தையும் வரவில்லை, வெட்டும் வரவில்லை. கதிரவேலர்தான் வந்தார். அவரை ஒதுக்கிவிட்டு இந்த வேலையைப் பற்றி எழுதினால் அது பாதிப் பொய்யாக இருக்கும். முழுதாக எழுதினால் என் மானம் போகும். போகட்டும். அறுபதை நெருங்குகிறவனுக்கு மானம் போய் என்ன குடி முழுகப் போகிறது.

நான் பினாங்கிலேயே பிறந்தவன். முதலில் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் நாலு வருஷம் எழுத்துக் கோத்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், செட்டியார் வீட்டு விசேஷம், இப்படி. பிறகு பீச் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த ஓர் இங்கிலீஷ் அச்சுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுத்துக் கோக்கும் பகுதிக்கு மைதீன் நானா என்பவர் மேஸ்திரி. என் விரல் வேகத்தைப் பார்த்துவிட்டு, "கை நல்லா ஓடுது தம்பி, மூளையும் கூட ஓடுனாச் சரி," என்று சேர்த்துக்கொண்டார்.

மூளை ஓடவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தமிழில் வரி முடிகிற இடத்தில் எழுத்து எதுவானாலும் அங்கே நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த வரியில் போட்டுவிடுவோம். யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே பழக்கத்தில் இங்கிலீஷையும் வெட்டினேன். 'த்ரூ' என்ற வார்த்தைக்கு ஏழு எழுத்து. ஏழு எழுத்து இருக்கிறதே என்று நாலை மேலேயும் மூன்றைக் கீழேயும் போட்டு, நடுவில் ஒரு கோடும் இழுத்துவிட்டேன்.

பிழை பார்க்கிறவரை எங்கள் கூடத்தில் ரீடர் என்போம். மாடியில் ஜன்னலோர அறையில் அவருக்கு மேசை. ரீடர் கீழே இறங்கி வருவது அபூர்வம், அன்று வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு, கையில் நான் கோத்த தாள். அவர்தான் கதிரவேலர். யாழ்ப்பாணத்துக்காரர்; நாற்காலியைக் கதிரை என்பார், மோவாயை நாடி என்பார், முடியும் என்பதற்கு ஏலும் என்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"இது ஆர் வெட்டினது?"

"நான்தாங்க ஐயா."

"நாடியில கையை வையும் காணும். இப்ப அந்தச் சொல்லைச் சொல்லும். நாடி எத்தினை தரம் கீழ இறங்குது?"

நான் சொன்னேன். ஒரு தரம்தான் இறங்கியது.

"ஒருக்கால் இறங்கினால் ஓர் அசை. ஏழு எழுத்தெண்டாலும் எழுபது எழுத்தெண்டாலும் அதை வெட்டக் கூடாது. சரி, பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'தான் அவருடைய பிரம்பு. கத்தமாட்டார், தாளைக் கிழிக்கமாட்டார், மேஸ்திரியிடம் சொல்லிக்கொடுக்கமாட்டார். பரவாயில்லை என்பார். கேட்டவன் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடமாட்டான். நான் அந்த வருஷம் பாதி இளைத்துப்போனேன்.

வெட்டுவதில் இரண்டு கட்சி உண்டு. வாய் சொல்கிறபடி வெட்டு என்பது ஒன்று. பொருள் பிரிகிற இடத்தில் வெட்டு என்பது மற்றது. தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'தெர்மோ' என்றால் சூடு, 'மீட்டர்' என்றால் அளக்கிறது. பொருள்படி பார்த்தால் இரண்டு துண்டுக்கும் நடுவில் வெட்ட வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் வாயைக் கவனித்தால் அவன் 'தெர்', 'மாம்', பிறகு மிச்சம் என்று சொல்லுவான். அழுத்தம் முழுவதும் அந்த 'மாம்' மேலேதான். சூட்டில் பாதியையும் அளவில் பாதியையும் பிடித்து ஒரே அசையாக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். நம் தமிழ் வாய்க்கு இது விளங்காது. நமக்கு எல்லா அசையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே அளவு சோறு. அவர்கள் வீட்டில் ஒருவனுக்கு மட்டும் விருந்து, மற்றவனுக்கு வடித்த கஞ்சி.

கதிரவேலர் பொருள் கட்சி. காரணத்தையும் ஒரு நாள் சொன்னார். "வாசிக்கிறவன் வரிக்கடைசியில வந்து நிக்கிறான். அவன்ர கண் அடுத்த வரிக்கு ஓட வேணும். அந்த ஓட்டத்துக்கு இடையில, இனி என்ன வரப்போகுது எண்டு முதல் துண்டு அவனுக்குச் சொல்லிவிட வேணும். சொல்லாமல் விட்டால் அவன் இருட்டில கால் வைக்கிற மாதிரித்தான்." ஒரு தாள் வந்தால் முதலில் அவர் வாசிக்கவே மாட்டார். வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துவிடுவார். தப்பான வெட்டு எத்தனை இருந்தாலும் அந்த ஒரு பார்வையிலேயே எல்லாவற்றுக்கும் நீலப் பென்சில் விழுந்துவிடும். அதற்குப் பிறகுதான் முதல் வரிக்கு வருவார்.

பெரிய யுத்தம் முடிந்து ஓரிரு வருஷத்தில், அவருக்கு மூலம் வாசித்துக் கொடுக்கிறவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்குக் கதிரவேலர் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்த மூலம் என் கையில் இருக்கும். அச்சான தாள் ரீடர் முன்னால் இருக்கும். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். வார்த்தை மட்டுமல்ல, கமா வந்தால் கமா, முற்றுப்புள்ளி வந்தால் அது, பெரிய எழுத்து வந்தால் அது, எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக. அவர் கண் தாளில் என் குரலோடு கூடவே ஓடும். எங்காவது ஒத்துப்போகவில்லையென்றால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. நான் நிறுத்துவேன், அவர் திருத்துவார், இன்னொரு தட்டு, நான் தொடருவேன்.

இந்த முறையில் ஒரே ஓர் ஓட்டை உண்டு. மூலத்தில் வரி எங்கே முடிகிறது என்பதற்கும் அச்சில் வரி எங்கே முடிகிறது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே வரிக்கடைசி வெட்டு சரியா தப்பா என்று வாசிக்கிறவனுக்குத் தெரியாது. அதை ரீடரின் கண் ஒன்றுதான் பிடிக்க முடியும்.

ஒரு வருஷம் நன்றாகவே போனது. பிறகு ஒரு நாள் அச்சாகி வந்த பத்திரிகையைச் சாப்பாட்டு வேளையில் புரட்டிக்கொண்டிருந்தேன். வலது ஓரத்தில் ஒரு தப்பு வெட்டு. இன்னும் கீழே வந்தால் இன்னொன்று. அடுத்த பக்கத்தில் மூன்று. மற்றப்படி ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. கதிரவேலர் ஓரம் பார்க்கத் தவறுவதாவது!

அடுத்த வாரம் அவரே சொன்னார்: "இனி மாத்திச் செய்வம் காணும். நீர் அச்சுத்தாளை வாசியும், நான் மூலத்தைப் பாக்கிறன். வெட்டு வாற இடத்தில மேசையில ஒரு தட்டுத் தட்டும்."

நான் அச்சுத்தாளை வாசித்தேன். வரிக்கடைசியில் வார்த்தை உடைந்தால், உடைகிற இடத்தில் தட்டினேன். அவர் காதால் கேட்டு "சரி" என்பார், அல்லது "ஓர் எழுத்து மேல போக வேணும்" என்பார். பிழை விழுந்த வாக்கியத்தை நான் வாசித்தாலே அவருக்கு நெற்றி சுருங்கும். இங்கிலீஷ் அவருக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. அப்படிச் செய்து கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் மூன்றாம் பக்கத்தின் பாதிவரை வாசித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கையிலிருந்த மூலத்தில் இன்னும் முதல் பக்கம். திருப்பவே இல்லை. மிகுந்த கவனமாக அந்த முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் மெதுவாக இரண்டு தாளைத் திருப்பி வைத்தேன்.

"கண் நரம்பு காயுதாம்," என்றார், முகத்தைத் திருப்பாமல். "ஓரத்தில இருந்து உள்ளுக்கு இருட்டிக்கொண்டு வருது. டொக்டர் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லிப்போட்டார். ராசமணிக்கு ஒரு வழி பிறக்கிற மட்டும் இந்தக் கதிரையில இருந்திட்டால் போதும்."

ராசமணி அவருடைய ஒரே மகள். மனைவி செத்துப் பல வருஷமாகிவிட்டது. தைப்பிங்கில் ஓர் உத்தியோகப் பையனுக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரீடர் வீட்டுப் பெண் என்பது ஒரு கௌரவம். குருடன் வீட்டுப் பெண் என்றால் அந்தப் பேச்சு அன்றைக்கே முறிந்துபோகும். "நான் இருக்கேன் ஐயா," என்றேன். அன்று மனதாரத்தான் சொன்னேன்.

மூன்று வருஷம் அப்படி ஓட்டினோம்; தைப்பிங் பேச்சும் சீதனத்தில் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. கூடத்தில் யாருக்கும் தெரியாது. மைதீன் நானாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். படியில் ஏதாவது சாமான் கிடந்தால் அவரே எடுத்து ஓரமாக வைப்பார். காதால் செய்ய முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். திருத்தம் போட்ட பிறகு கடைசியாக ஒரு தாள் வரும். அதைப் பழைய தாளோடு ஒட்டி வைத்து, வரிக்கு வரி கண்ணால் ஒப்பிட்டு, ரீடர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் இயந்திரம் ஓடும். அந்த ஒப்பிடலை நான் செய்தேன். கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் என் விரலை வைப்பேன். அவர் என் விரலைத் தொட்டுக்கொண்டு போடுவார்.

இந்த நிலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் தம் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் வார்த்தைகள் மட்டுமே. இடது பத்தியில் வார்த்தை. வலது பத்தியில் அதே வார்த்தை அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் விழுகிற அசைக்கு ஒரு குறி போட்டு, அதற்குக் கீழே பொருள் தரும் துண்டுகள் தனித்தனியாக. இந்த ஊரில் இதைச் சரிபார்க்கக் கதிரவேலரை விட்டால் ஆளில்லை என்று துரையே அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். கதிரவேலரின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். அத்தனை வருஷமும் மற்றவர்களுடைய வார்த்தையைத் திருத்தி வந்த மனிதருக்கு, வார்த்தையே புத்தகமாக வந்து சேர்ந்திருக்கிறது.

எனக்கு அது பெரிய பாடு. நான் ஒவ்வோர் அசையாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் விழும் அசையில் விரல் முட்டியால் மேசையில் குத்த வேண்டும். நம் வாய்க்குத்தான் எல்லாம் சமமாயிற்றே, குத்து ஓரிடத்தில் விழும், குரல் வேறிடத்தில் விழும். "உம்மடை கை ஒண்டு சொல்லுது, வாய் ஒண்டு சொல்லுது. நான் ஆரை நம்பிறது?" என்று சிரிப்பார். மூன்று மாதத்தில் என் விரல் முட்டி காய்த்துப்போனது. ஆனால் உண்மையைச் சொல்லுகிறேன், அந்த மூன்று மாதத்தைப்போல நான் எப்போதும் சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை.

புத்தகம் முடிகிற சமயத்தில் தைப்பூசம் வந்தது. நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டிருந்தேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை, என் பெண்சாதியிடம்கூட. அவருடைய கண்ணுக்காகத்தான். டாக்டர் கைவிட்டால் என்ன, முருகன் கைவிடமாட்டான் என்று நினைத்தேன். முதல் நாள் அவரிடம், "நாளைக்கு ஏதாச்சும் தாள் வந்தா வச்சிருங்க ஐயா, மறுநாள் நான் வந்து பாத்துக்கிறேன்," என்றேன்.

"ஓம் ஓம். நீர் வடிவாய்க் கும்பிட்டு வாரும். எனக்கும் சேத்துக் கும்பிடும்," என்றார்.

நான் வெறுங்காலோடு மலையேறிக்கொண்டிருந்த அந்தக் காலை நேரத்தில் கூடத்தில் நடந்ததை மைதீன் நானா பிறகு சொன்னார். தமிழ் ஆட்கள் பாதிப் பேர் லீவு. இரும்புச் சட்டத்தில் இறுக்கி வைத்திருந்த அந்தப் புத்தகப் பக்கம் ஒன்றைத் தூக்கும்போது வலது பத்தி நழுவிக் கொட்டிவிட்டது. கொட்டிய எழுத்தை அவசரமாகத் திரும்ப அடுக்கியவன், ஒரு வார்த்தைக்குரிய இடம் மேலே தள்ளி அடுக்கிவிட்டான். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரில் அடுத்த வார்த்தையின் அசையும் அழுத்தமும் பொருளும் வந்து நின்றன. அந்தத் தாள் கையெழுத்துக்கு மாடிக்குப் போனது. இயந்திரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. துரை மூன்று தரம் ஆள் அனுப்பினார். 'என் ஆள் நாளைக்குத்தான் வருவான்' என்று சொல்லக் கதிரவேலரால் முடியவில்லை. கடைசித் தாளை ஒப்பிட எந்த ரீடருக்கும் இன்னோர் ஆள் தேவையில்லையே. தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலண்டை போனாராம். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் நின்றாராம். பிறகு வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தாளின் ஓரத்தில் போடவில்லை. அச்செழுத்தின் மேலேயே விழுந்திருந்தது.

மறுநாள் நான் வருவதற்குள் அந்தப் பக்கம் அச்சாகி முடிந்திருந்தது. புத்தகம் கட்டி முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் வாத்தியார் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அறிவுக்குறைவால் வந்த பிழையாக இருந்தால் நாலு சமாதானம் சொல்லலாம். இது இங்கிலீஷே தெரியாதவன்கூட, கண் இருந்தால், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய பிழை. இடதில் குட்டை வார்த்தை, எதிரில் நீளமான பிரிப்பு. துரை கையெழுத்துத் தாளை வரவழைத்தார். எழுத்தின் மேல் கிடந்த கையெழுத்தைப் பார்த்தார். அவருக்கு மூளை இருந்தது.

மறுநாள் காலையில் கதிரவேலரைக் கூப்பிட்டுப் பேசினார். மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

துரை கெட்டவர் அல்ல. என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. கதிரவேலு தமக்குப் பார்வை இல்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார். மூன்று வருஷமாக நீ வாசிக்க அவர் கேட்டுத் திருத்தினதாகச் சொல்கிறார், நீ கூட இருந்தால் இன்னும் அப்படியே செய்ய முடியும் என்கிறார், என்றார். பிறகு, "அப்படியானால் மூன்று வருஷமாக இங்கே உண்மையான ரீடர் நீதான்," என்றார்.

அந்த வார்த்தை என் காதில் தேனாக இறங்கியது. அதை மறைத்து என்ன பயன்? மூன்று வருஷமாக என் கண்ணும் என் குரலும் என் விரல் முட்டியும் உழைத்ததை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூடவே ஒரு கோபமும் இருந்தது. வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன், ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? நான் இவர் கண்ணுக்காகக் கல்லிலும் வெயிலிலும் நடந்துகொண்டிருக்க, இவர் இங்கே உட்கார்ந்து என் மூன்று மாத உழைப்பைக் கையெழுத்துப் போட்டுக் கெடுத்துவிட்டாரே என்று கோபம்.

"இப்படியே இரண்டு பேரும் சேர்ந்து தொடர்ந்து செய்ய முடியுமா? நீ என்ன சொல்கிறாய்?" என்று துரை கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "டிஃபிகல்ட், சார்," என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. துரை தலையை ஆட்டிவிட்டு, சரி, போ என்றார்.

வெளியே வந்தால் மைதீன் நானா நின்றுகொண்டிருந்தார். என்ன கேட்டார், என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். "துரைக்கிட்டப் பொய் சொல்ல முடியுமா நானா?" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடியும்னு சொல்லியிருந்தா அது என்னா பொய் தம்பி? மூணு வருசம் முடிஞ்சதுதானேலா?"

அதன் பிறகும் துரையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை என்றுதான் வெகு காலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கதிரவேலர் போனார். படியிறங்கும்போது நான் கையைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். "கவனமாய்ப் பாரும் காணும். என்னாலை உமக்கும் வில்லங்கம் வந்திட்டுது," என்றார். திங்கட்கிழமை அவருடைய மேசையில் நான் உட்கார்ந்தேன். முருகனோடு கொஞ்ச காலம் எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. யார்மேலாவது பழியைப் போட வேண்டுமே.

கதிரவேலரும் மகளும் நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவருடைய அண்ணன் மகன் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தான். தைப்பிங் பேச்சு முறிந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் போய் ஒன்றரை வருஷம் கழித்து, இனித் தாங்காது என்று, படகில் அக்கரைக்குப் போய் ரயில் ஏறினேன். போய்க் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு. என்ன சொல்வது என்று ரயிலில் வழி நெடுகப் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். 'ஐயா, துரை என்னைக் கேட்டார். நான்தான் முடியாது என்றேன்.' இவ்வளவுதான். இதைச் சொல்லப் பெரிய இங்கிலீஷ் ஒன்றும் வேண்டாம்.

கதிரவேலர் கிராணி வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. என் காலடிச் சத்தம் கேட்டதும், "வாரும் காணும்," என்றார். நான் யாரென்று சொல்லவே தேவைப்படவில்லை.

ராசமணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுத்து, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள். நான் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உம்மை ஒண்டு கேக்க வேணுமெண்டு கனநாளாய் நினைச்சுக்கொண்டிருந்தனான். அண்டைக்குத் துரையிட்டை நான் சொன்னனான், எங்களாலை ஏலும், என்னை நம்பாட்டில் எனக்கு வாசிக்கிறவரைக் கூப்பிட்டுக் கேளும் எண்டு. அவர் ஏலும் எண்டு சொன்னால் என்னை வைச்சிரும், ஏலாது எண்டு சொன்னால் நான் போறன் எண்டு. சரி, கேக்கிறன் எண்டுதான் துரை சொன்னவர். பிறகு ஒரு காரணமும் சொல்லாமல் அனுப்பிப்போட்டார்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "துரை உம்மைக் கேக்கவே இல்லைத்தானே? கேட்டிருந்தால் நீர் என்ன சொல்லியிருப்பீர் எண்டு எனக்குத் தெரியாதோ?"

ராசமணி கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் இருந்தது.

"கேட்கலைங்க ஐயா," என்றேன்.

"அதுதானே பாத்தன்," என்றார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "நான் உனக்குச் சொன்னனான் எல்லே பிள்ளை," என்றார். பிறகு, "இவர் சாப்பிட்டிட்டுத்தான் போவார், இலையைப் போடு," என்றார்.

வேண்டாம் என்றேன். விடவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். அவர் என் பக்கத்தில் ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குழம்பு போதுமோ என்று இரண்டு தரம் கேட்டார்.